பென்சில் புள்ளி

2019 ஆடி மாதம். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். தூறல். பக்கத்தில் நின்றிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "தம்பி, நம்ம பேக்டரிக்குக் கம்ப்யூட்டர் போட்டது நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பழையபடி சனிக்கிழமை கையில பணம் தர்ற மாதிரி மாத்த முடியுமா?" என்றார். இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். பேங்கில் நேராக ஏறினால் கணக்கு சுத்தம், நடுவில் யாரும் கைவைக்க முடியாது, தகவலும் போனுக்கே வந்துவிடும். அதையே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வண்டி வந்து நான் படியில் கால் வைக்கும்போது, "பணம் ஏறுறது எனக்குத் தெரியறதில்ல தம்பி, தீர்ந்துபோனதுதான் தெரியுது" என்றார்.

மலை இறங்கும் வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. அவர் என்ன சொன்னார் என்று அன்று எனக்கு முழுதாகப் புரியவில்லை. புரிந்த பிறகு, என் தொழிலைப் பற்றி நான் நம்பிவந்த பலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இதை எழுத வேண்டும் என்று வருடக்கணக்காக நினைத்து, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

நானும் மலைக்காரன்தான். அருவங்காட்டில், கார்டைட் பேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே வேலை, எனக்குக் குன்னூரில் பள்ளிக்கூடம், பள்ளிக்குப் போகும் வழி முழுக்கத் தேயிலை. அதனால்தான் 2017 தொடக்கத்தில் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு தேயிலைத் தொழிற்சாலை, சாப்ட்வேர் செய்துகொடுக்கும் எங்கள் கோவை அலுவலகத்தைக் கூப்பிட்டபோது, "உனக்கு ஊர் தெரியும், நீயே போ" என்று என்னை அனுப்பினார்கள். எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். தேயிலையைப் பார்த்து வளர்ந்தவனுக்கும் அதில் பிழைப்பவனுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அப்போது தெரியாது.

கூப்பிட்ட காரணம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். இந்த மலையில் பச்சை இலைக்கான பணமும் தோட்டக் கூலியும் அதுவரை பெரும்பாலும் ரொக்கமாகத்தான் கைமாறிக்கொண்டிருந்தன. அந்தத் தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றியுள்ள ஹட்டிகள் என்கிற படுகர் ஊர்களிலிருந்தும், வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலிருந்தும் சிறு விவசாயிகள் கொண்டுவரும் இலையை வாங்கி அரைப்பதுதான் வேலை. பல வாரம் பணம் பட்டுவாடா செய்ய முடியாமல் திண்டாடிய முதலாளி, எல்லாவற்றையும் வங்கிக்கு மாற்ற முடிவு செய்தார். அதோடு இலை எடை, முன்பணம், உரக்கடன், மாதக் கடைசிக் கணக்கு எல்லாமே கம்ப்யூட்டருக்குள் வரட்டும் என்றார். நியாயமான ஆசை. இன்றைக்கும் அதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன்.

38 பக்கம்

மூன்று கூட்டம் போட்டோம். முதலாளி, மேனேஜர், குன்னூரிலிருந்து வரும் ஆடிட்டர், நான், என்னுடன் ஒரு பையன். முதலாளி அறையில் நல்ல டீ கொடுத்தார்கள். இலை எப்படி வருகிறது, விலை எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். தெளிவாகச் சொன்னார்கள். மாதம் முழுக்க இலை வரும், வாரா வாரம் முன்பணம் போகும். தேயிலை வாரியம் மாவட்டத்துக்கென்று மாதா மாதம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையையும், குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்பதையும் வைத்து, மாதம் முடிந்தபின் பாக்கித் தொகை தீரும். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் 10 சதவீதம் கழிவு. எல்லாவற்றையும் எழுதி, படம் போட்டு, சிஸ்டம் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணம் ஒன்றை 38 பக்கத்தில் தயார் செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் மேனேஜர் கையெழுத்துப் போட்டார். அந்த ஆவணம் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் மறுபடி படித்துப் பார்த்தேன். அதில் பொய்யே கிடையாது. ஆனால் அதில் சொன்ன தொழிற்சாலையும் இலை வந்து இறங்கும் தொழிற்சாலையும் ஒன்றல்ல.

ரைட்டர் என்று அங்கே எல்லோரும் கூப்பிடுகிற கணக்கர் ஒருவர் இருந்தார். இலைக் கொட்டகையில் எடை பார்த்துச் சிட்டை போடுவதும், சனிக்கிழமை ஜன்னலில் உட்கார்ந்து பணம் கொடுப்பதும் அவர் வேலை. 20 வருடத்துக்கும் மேலான சர்வீஸ். மூன்று கூட்டத்தில் ஒன்றுக்குத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். கதவோரமாக நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "வேற ஏதாவது சொல்லணுமா ரைட்டர்?" என்று மேனேஜர் கேட்டதற்கு "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கார் தம்பி" என்றார். பணியாளர்களையும் கலந்துகொண்டோம் என்று ஆவணத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

ஜூனில் ஓடத் தொடங்கியது. முதல் மாதமே சின்னச் சின்ன முள் குத்த ஆரம்பித்தது. இலை போடும் விவசாயிகளை உறுப்பினர் என்று பதிந்து, 90 நாள் இலை போடாத உறுப்பினரைச் செயலற்றவர் என்று குறித்து, கணக்கை நிறுத்திவைக்கும்படி எழுதியிருந்தோம். எந்த வியாபாரத்திலும் செய்கிற காரியம்தான். செப்டம்பர் வாக்கில் வரிசையாக ஆட்கள் வந்து நின்றார்கள். கவாத்து வெட்டியவர்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செடியை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டால், மறுபடி துளிர்த்துப் பறிப்புக்கு வர மூன்று நாலு மாதம் ஆகிவிடும். இலை வராத அந்த மாதங்களில்தான் வீட்டுக்கு முன்பணம் அதிகம் தேவைப்படும். அந்த நேரம் பார்த்து எங்கள் சிஸ்டம் அவர்களை ஆளே இல்லை என்று ஒதுக்கியிருக்கிறது. கவாத்து என்ற வார்த்தை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் 38 பக்கத்தில் அது ஒரு இடத்திலும் இல்லை.

இன்னொன்று, ஒரே எண்ணில் மூன்று பேர். பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகி வெகுநாள் ஆகியிருக்கும், பிரிக்காத நிலத்தில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பக்கம் பறிப்பார்கள். ரைட்டரின் பேரேட்டில் ஒரே எண்ணுக்குக் கீழே மூன்று வண்ண மையில் மூன்று வரிசை ஓடும். நாங்கள் ஒரு எண்ணுக்கு ஒரு வங்கிக் கணக்கு என்று வைத்தோம். மூத்தவர் கணக்கில் எல்லாப் பணமும் ஏறியது. அதில் ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோய், ஹெத்தையம்மன் பண்டிகைக்குக்கூடத் தனித்தனியாகப் போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அது எங்களால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது. எங்களுக்குப் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது.

இதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டே போனோம். ஓட்டையைக் கண்டால் அடைப்பது எங்களுக்குப் பழகிய வேலை. அதனால் இவை எதுவும் என்னை உலுக்கவில்லை. உலுக்கியது அந்த பஸ் ஸ்டாண்டுப் பேச்சும், அதற்கு அடுத்த சனிக்கிழமையும்தான்.

41 புள்ளிகள்

அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. எந்த ஹட்டி என்று வண்டி கிளம்பும்போது கேட்டதில், சொன்னது பாதி காதில் விழுந்தது. சனிக்கிழமை தொழிற்சாலைக்குப் போய் ரைட்டரிடம் அடையாளம் சொன்னேன். கேட்ட உடனே அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது. பணம் கொடுக்கும் ஜன்னலை 2017-லேயே மூடியிருந்தார்கள். அந்த அறையில் இப்போது காலி டீத்தூள் பைகளை அடுக்கியிருந்தார்கள். அவற்றுக்குப் பின்னாலிருந்த மர அலமாரியைத் திறந்து 2016-ன் பேரேட்டை எடுத்துத் துடைத்தார். பக்கம் புரட்டி, ஒரு பெயரில் விரல் வைத்தார். ஆண் பெயர். அந்தப் பெயருக்கு வலது பக்கத்தில், கோட்டை ஒட்டினாற்போல் ஒரு பென்சில் புள்ளி. கடுகளவு.

"இந்தப் புள்ளி இருந்தா வீட்டம்மா வந்தாத்தான் குடுக்கறது தம்பி."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். பட்டா புருஷன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும், பாஸ்புக்கும் அவர் பெயரில்தான். ஆனால் காலை ஏழு மணிக்குப் பனியில் நின்று பறிப்பது வீட்டம்மா. சனிக்கிழமை பணம் அந்த ஆள் கையில் போனால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அரிசி இருக்காது. பல வருடம் முன்பு ஒரு பெண் ஜன்னலுக்கு வந்து, தயவுசெய்து என்னிடமே கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ரைட்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார். அப்புறம் இன்னொருவர், இன்னொருவர். ஆளை மறந்துவிடக் கூடாதென்று ஒரு புள்ளி. புருஷன் வந்து நின்றால் "சில்லறை தீர்ந்துபோச்சு, வீட்டுல அனுப்பு" என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார். சிலர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் ஜன்னல் கண்ணாடியை உடைத்திருக்கிறார். அந்தச் செலவை இவரே கட்டியிருக்கிறார். 2016 பேரேட்டில் அப்படி 41 பெயர். நானே பக்கம் பக்கமாக எண்ணினேன்.

இதில் எனக்கு ஆறாத இடம் ஒன்று உண்டு. இந்தப் புள்ளிகளை நான் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. 2017-ல் பழைய பேரேடுகளிலிருந்து உறுப்பினர் விவரத்தை ஏற்றியபோது, என்னுடன் வந்த பையன் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காட்டி, "அண்ணா, சில பேருக்குப் பக்கத்துல புள்ளி இருக்கு, இதை எந்தக் கட்டத்துல போடறது?" என்று கேட்டான். சரியான கேள்வி. நான் எட்டிப் பார்த்து, "பென்சில் கறை, விட்டுடு" என்றேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை. பத்தடி தள்ளி ரைட்டர் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்க் கேட்டிருக்கலாம்.

ஏன் ஐயா அன்றைக்கே கூட்டத்தில் சொல்லவில்லை என்று ரைட்டரிடம் கேட்டேன். அவர் பேரேட்டை மூடிவிட்டுச் சொன்னார்: "எப்படித் தம்பி சொல்றது? கணக்குப்படி அது தப்பு. பேர் ஒருத்தருது, பணம் ஒருத்தருக்கு. முதலாளி முன்னாடி, ஆடிட்டர் முன்னாடி, நான் இத்தனை வருசமா தப்பாக் குடுத்துட்டு இருக்கேன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அந்தப் பதிலைப் பல நாள் புரட்டிப் பார்த்தேன். ஒரு நிறுவனம் உண்மையில் எதனால் ஓடுகிறதோ, அதில் கணிசமான பகுதியை அங்கே முதலாளி முன்னால் சொல்ல முடியாது. சொன்னால் விதிமீறல், சொல்லாவிட்டால் ஏற்பாடு. நாங்கள் ஏசி அறையில் டீ குடித்தபடி, எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்து, "இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் விதிப்புத்தகம்தான் வரும். ரைட்டரை அவருடைய ஜன்னலில், ஒரு சனிக்கிழமை, நாலு மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்திருந்தால் அந்தப் புள்ளி தானே பேசியிருக்கும். ஒரே ஒரு புருஷன் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போவதைப் பார்த்திருந்தால் போதும்.

"ஒத்துழைக்க மாட்டேங்கறாங்க"

எங்கள் தொழிலில் அடிக்கடி அடிபடும் வார்த்தை இது. புது சிஸ்டம் சரியாக ஓடவில்லை என்றால், ஆட்களுக்குப் பயிற்சி போதவில்லை, மாற்றத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று அறிக்கை எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். பணம் கையில் வேண்டும் என்று கேட்ட பெண்களைப் பற்றி, வங்கிப் பழக்கம் இல்லாதவர்கள் என்று ஒரு மின்னஞ்சலில் குறிப்பிட்டிருக்கிறேன். அவர்களுக்கு வங்கி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதும் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் 1992 அக்டோபர் 26-ஆம் தேதி நடந்ததை கம்ப்யூட்டர் படித்தவர்களில் பலர் பாடமாகப் படித்திருப்பார்கள். எந்த வண்டியை எங்கே அனுப்புவது என்று அதுவரை ஆட்கள் பேப்பரிலும் போனிலும் ரேடியோவிலும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அன்று கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே, என்ன நிலையில் இருக்கிறது என்பது அச்சொட்டாகத் தெரிந்தால்தான் அது ஓடும். நிஜத்தில் ரேடியோ எட்டாத இடங்கள் இருந்தன, வண்டிக்காரர்கள் பொத்தானை வேறு வரிசையில் அழுத்தினார்கள், ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியை எடுத்துப் போனார்கள். கோளாறுச் செய்திகள் திரையில் குவிந்து மேலே மேலே ஓடிப்போயின. மறுநாளே பாதி வேலை கைமுறைக்குத் திரும்பியது. நவம்பர் 4-ஆம் தேதி சிஸ்டம் அடியோடு நின்று, மறுபடி பேப்பருக்கே போனார்கள். கல்லூரியில் இதைப் படித்தபோது என் மனதில் தங்கியது, சர்வரின் நினைவகத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொண்ட ஒரு சின்னப் புரோகிராம் பிழைதான். நவம்பர் 4 நின்றதற்கு அதுதான் காரணம். ஆனால் அக்டோபர் 26-க்குக் காரணம் வேறு. வண்டியில் போகிறவர்கள் நாள் முழுக்க எப்படி வேலை செய்கிறார்கள் என்பது வடிவமைப்புக்குள் சரியாக வரவே இல்லை. தேர்வுக்கு நான் எழுதியது பிழையைப் பற்றி. நல்ல மார்க் வந்தது.

இதற்கெல்லாம் முன்பே, 1951-ல், எரிக் ட்ரிஸ்ட், கென் பாம்ஃபோர்த் என்ற இருவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு ஆய்வு எழுதினார்கள். சுரங்கத்தில் முன்பெல்லாம் இரண்டு மூன்று பேர் சேர்ந்த சின்னக் குழுக்கள். கூட யார் என்பதை அவர்களே தேர்ந்துகொள்வார்கள், எல்லா வேலையும் மாறி மாறிச் செய்வார்கள், ஒருவன் செத்தாலோ காலொடிந்தாலோ மற்றவன் அவன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வான். புது இயந்திரம் வந்ததும் 40, 50 பேரை ஷிப்டுகளாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு வேலை கொடுத்தார்கள். எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. ஆட்கள் வேலைக்கு வராமல் போனது கூடியது, ஒரு ஷிப்டு மற்ற ஷிப்டைக் குற்றம் சொன்னது. இயந்திரத்தில் கோளாறில்லை. எந்த உறவின் மேல் வேலை நின்றுகொண்டிருந்ததோ அதை அறுத்துவிட்டார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பாம்ஃபோர்த் அதற்குமுன் 18 வருடம் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர் என்பது. வெளியிலிருந்து வரும் எவருக்கும் தெரியாத ஒன்றை, பழைய சகாக்களைப் போய்ப் பார்த்ததிலேயே அவர் கண்டுகொண்டார். என்னை அனுப்பும்போது "உனக்கு ஊர் தெரியும்" என்று சொன்னார்களே, அது பாம்ஃபோர்த்துக்குப் பொருந்தும். எனக்குப் பொருந்தவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழையது எல்லாம் நல்லது, ரைட்டரின் பேரேட்டை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஈரக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் மழை நாளில் 10 சதவீதம் என்றார், நாங்கள் மழை உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் வைத்தோம். கொட்டகையில் நடப்பது வேறு. சாக்கைத் தராசில் வைத்ததும் ரைட்டர் நடுவில் கைவிட்டு ஒரு பிடி இலை எடுப்பார். இறுக்கிப் பிழிவார். விரலைப் பிரித்து உள்ளங்கையை விளக்கு வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்ப்பார். ரேகையில் மட்டும் ஈரம் என்றால் ஒரு கழிவு, மணிக்கட்டுக்கு வழிந்தால் வேறொரு கழிவு. கோத்தகிரியில் ஒரு சரிவில் கொட்டும்போது எதிர்ச் சரிவில் வெயிலடிக்கும். மேலே காய்ந்த இலையும் அடியில் நனைந்த இலையுமாகச் சாக்கு வரும். ஆமாம் இல்லை என்ற கட்டத்தைவிட அந்தக் கை எவ்வளவோ துல்லியமானது. அதே சமயம், பழைய பேரேடுகளை நான் பின்னால் கணக்கெடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. லைன் வீடுகளிலிருந்து வருகிற, இலங்கையிலிருந்து 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் வந்த குடும்பங்களின் இலைக்கு, அதே நாளில், அதே பக்கத்துச் சரிவிலிருந்து வந்த மற்றவர்கள் இலையைவிடக் கழிவு கூடவே விழுந்திருக்கிறது. எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர்கள். 41 பெண்களுக்குத் துணை நின்ற அதே கைதான் இதையும் செய்திருக்கிறது. அவரிடம் அந்தக் கணக்கைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்படியா விழுந்திருக்கு" என்றார். தெரிந்தே செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

சூழலைப் புரிந்துகொள்வது என்றால் அங்கே இருப்பதற்கெல்லாம் தலையாட்டுவது என்று நான் ஒருகாலத்தில் பயந்தேன். இந்தக் கழிவு விஷயத்தில்தான் அந்தப் பயம் போனது. புள்ளியைக் காப்பாற்ற வேண்டும், கழிவை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டுமே ஒரே பேரேட்டில்தான் இருந்தன. உட்கார்ந்து படித்தால்தான் எது எது என்று பிரிக்க முடியும்.

மறுபடியும்

2019 ஆகஸ்டில் மூன்று வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்தேன். யாரும் சம்பளம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. முதல் வாரம் இலை வண்டியில் டிரைவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு ஹட்டி முனையிலும் இறங்கி ஏறினேன். இரண்டாம் வாரம் ராத்திரி ஷிப்டு. இலை கூடுதலாக வந்து வாட்டும் தொட்டிகள் நிறைந்தால், தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் போன் போட்டு நாளைக்கு இன்ன ஊர் இலை வேண்டாம் என்பார். அந்த ஒரு போனில் ஒரு ஊரின் மறுநாள் வருமானம் போய்விடும். அதுவும் என் 38 பக்கத்தில் கிடையாது.

பீட்டர் செக்லேண்ட் என்ற பேராசிரியர் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1970-களில் உருவாக்கிய வழி ஒன்று உண்டு. பிரச்சினை இதுதான் என்று முதலிலேயே முடிவுகட்டாமல், அந்த இடத்தில் இருக்கும் ஆட்கள், அவர்கள் கவலை, யாருக்கு யாரோடு உரசல், பணம் எங்கே போகிறது என்று எல்லாவற்றையும் கையால் ஒரு படமாக வரைவது. அழகாக இருக்க வேண்டியதில்லை. கொட்டகைச் சுவரில் ஒரு சார்ட்டை ஒட்டி அப்படி வரைய ஆரம்பித்தேன். வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பாட்டி என் கையிலிருந்து பேனாவை வாங்கி, சாக்குகளுக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை வரைந்தார். "எலை தானாவா வரும்?" என்றார். அதுவரை என் படத்தில் முதலாளி, மேனேஜர், ரைட்டர், டிரைவர், டீமேக்கர், ஏலம், வங்கி எல்லாம் இருந்தன. பறிக்கிறவர் இல்லை.

கவாத்துக்கு ஒரு தேதிக் கட்டம் வந்தது. ஒரு எண்ணுக்குக் கீழே பல பங்குதாரர்கள் வந்தார்கள். ஈரத்துக்குக் கைப்பிழியலை அப்படியே வைத்துக்கொண்டோம், ஆனால் கழிவு எத்தனை கிலோ என்று எடைச்சீட்டில் அந்த இடத்திலேயே அச்சாகும், இலை கொண்டுவந்தவர் கையில் ஒரு பிரதி. மாதக் கடைசியில் ஊர்வாரியாகக் கழிவு எவ்வளவு என்று கொட்டகையில் ஒட்டுகிறார்கள். முதலாளி இதற்கு முதலில் தயங்கினார். பிறகு, "ஒட்டுங்க, நமக்கு மறைக்க என்ன இருக்கு" என்று அவரே சொன்னார்.

புள்ளிதான் கஷ்டம். அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று அந்தப் பையன் கேட்டானே, அந்தக் கேள்விக்கு இரண்டு வருடம் கழித்தும் என்னிடம் பதில் இல்லை. குடிப்பவர் என்று ஒரு கட்டம் வைக்கலாமா? வைத்தால் அது அறிக்கையில் அச்சாகும், மேனேஜர் பார்ப்பார், உரக்கடன் கொடுக்கிறவர் பார்ப்பார், ஒருநாள் அந்த ஆளே பார்ப்பார். அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும்? பென்சில் புள்ளிக்கு இருந்த பெரிய பலமே, அது என்னவென்று எழுதாததுதான். ஒருவருக்கு மட்டும் தெரிந்தது, அழித்தால் போய்விடும். டேட்டாபேஸில் எழுதியது அப்படி அழியாது. காரணத்தை எங்கேயும் எழுதுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

கடைசியில் செய்தது சாதாரண விஷயம். உறுப்பினர் எல்லோருக்கும், ஒருவர் விடாமல், ஒரே படிவம்: பணம் எந்தக் கணக்கில் போகட்டும், தகவல் எந்த இரண்டு எண்களுக்குப் போகட்டும். எல்லோருக்கும் பொது என்பதால் யாரையும் சுட்டியதாகாது. கையெழுத்து உறுப்பினர்தான் போட வேண்டும், அதைத் தாண்ட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வீடு வீடாகப் போனார்கள். ரைட்டர் கூடவே போனார். என்ன பேசினார்களோ, 41 பேரில் 34 பேர் மனைவி கணக்குக்கு எழுதிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கேட்ட அம்மாவின் வீட்டுக்காரர் அதில் ஒருவர். அந்த அம்மா அதுவரை கணக்கே தொடங்கியிருக்கவில்லை. ஒரு நாள் பறிப்பை விட்டுவிட்டு கோத்தகிரிக்குப் போய்த் தொடங்கினார். இங்கிலீஷில் போய்க்கொண்டிருந்த எஸ்எம்எஸ்ஸைத் தமிழுக்கு மாற்றினோம். இது முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

மீதி ஏழு பேர் கணக்கை மாற்றச் சம்மதிக்கவில்லை, இரண்டாவது எண்ணை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் பணம் பழையபடி அவர்கள் கணக்குக்கே போகிறது. முன்பணத்தை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏற்றுவதாக வைத்திருந்தோம், ஆடிட்டருக்கு நாள் கணக்கு முடிக்க வசதி என்று. அதைக் காலை பத்து மணிக்கு மாற்றினேன். மதுக்கடை பன்னிரண்டுக்குத்தான் திறக்கும். இரண்டாவது எண் என்று எழுதிக் கொடுத்த ஏழு பெண்களின் போனுக்கும் பணம் ஏறும் அதே நிமிடம் தகவல் போகும். அதில் ஐந்து பேர் அன்று பறிப்பை ஒன்பதரைக்கே நிறுத்திவிட்டு, வீட்டுக்காரரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஏடிஎம் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள் என்று ரைட்டர் சொன்னார். மற்ற இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன். பேரேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் போய்ப் பேசிப் பாக்கறேன் தம்பி" என்றார்.